எதிர்ச்சுழல்

துறைமுகத்துக்கும் பாதி நகரத்துக்கும் தேவையான மின்சாரம் ஆறு தொட்டிகளுக்குள் நீலத் திரவமாகக் கிடந்தது. தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களை மூடிவிட்டுச் சூரியத் தகடுகளைப் பரப்பிய நிலத்தில், நான்கு மாடி உயரத்தில் அந்தத் தொட்டிகள் நின்றன. பகலில் தகடுகள் தரும் மின்சாரத்தைக் கரைசல் வாங்கி வைத்துக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும் திருப்பித் தரும். மின்சாரத்தைச் சுமப்பது கரைசலில் உள்ள ஒருவகை உப்பு. கலக்காமல் விட்டால் உப்பு அடியில் தங்கும், தங்கியது இறுகும். அதிகமாகக் கலக்கினால் சூடேறும். சூடேறினாலும் உப்பு பிரிந்து இறங்கும். எனவே எப்போது கலக்குவது, எங்கே நிறுத்துவது என்பதுதான் அங்கே முழு வேலையும்.

ஒவ்வொரு தொட்டியின் அடிச்சுவரையும் துளைத்துக்கொண்டு மூன்று கலக்கிகள் உள்ளே நீட்டியிருந்தன. கப்பலைத் தள்ளும் விசிறி போன்ற இறக்கைகள் என்பதால் ஊழியர்கள் அவற்றை விசிறி என்றே சொன்னார்கள். கட்டுப்பாட்டு அறையில் தொட்டிக்கு ஒரு கைச்சக்கரம், விசிறிக்கு ஒரு பொத்தான். வலப்பக்கம் திருப்பும் அளவுக்கு விசிறியின் வேகம் கூடும், இடப்பக்கம் திருப்பினால் எதிர்த்திசையில் சுற்றும். வெப்பமும் அடர்த்தியும் விசிறியின் சுமையும் திரையில் எண்களாக வரும். ஆனால் எண் மாறும்போது தொட்டிக்குள் காரியம் பாதி முடிந்திருக்கும். எண் மாறுவதற்கு முன்பே கையை வைக்கத் தெரிந்தவர்களுக்கு அங்கே கைகாரர் என்று பெயர்.

அப்படி இருவர் இருந்தார்கள். இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

எமல்டா தொட்டிகள் வந்த நாளிலிருந்தே அங்கே வேலை செய்பவள். மணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் கஸ்மீரின் வீட்டு மாடியில் குடியிருந்தாள். டெல்பின் கஸ்மீரின் மனைவி, எமல்டாவுக்கு மைனி. பள்ளிக்கூட வேலை போய் அவள் வீட்டில் இருந்தபோது, எமல்டாதான் அதிகாரிகளிடம் பேசி அவளை இங்கே சேர்த்தாள். தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து ஆறு மாதம் பழக்கினாள். டெல்பின் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். அதோடு, சிரித்துப் பேசத் தெரிந்தவள். யாருடைய பிள்ளைக்கு என்ன காய்ச்சல் என்பதெல்லாம் அவளுக்கு நினைவிருக்கும். அலுவலகத்தில் வாசல் காவலர் முதல் மேலாளர் வரை அவளைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். எமல்டாவை எல்லோரும் "சீனியர் மேடம்" என்றார்கள். பெயர் நினைவில்லாததை மறைக்க அது ஒரு மரியாதையான வழி என்று எமல்டா கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

பம்பு மெக்கானிக் சுடலைமணி ஒருநாள் காலை டீயோடு சேதியையும் கொண்டுவந்தார்.

"கேட்டியளா சீனியர் மேடம்? ஈரோட்டுலேருந்து ஒரு பொம்பள இஞ்சினியர் வந்திருக்காவ. இனி விசிறியத் திருப்ப ஆளே வேண்டாமாம். யாரோ ஒருத்தர் கையை வெட்டி எடுத்து மெசினுக்குள்ள வைக்கப் போறாவளாம்."

"விடிஞ்சதும் விடியாததுமா ஊத்திக்கிட்டு வந்துட்டீரா?" எமல்டா டீயில் சர்க்கரை போட்டுக் கலக்கினாள். கரண்டியை ஒருதரம் எதிர்ப்பக்கம் சுற்றிவிட்டு எடுத்து வைத்தாள்.

"மாதா சத்தியமா. நீங்களே போய்க் கேளுங்க."

"ஒமக்கு எப்ப இருந்துவே மாதா?"

"பொய்யின்னா எங்க சாமி மேல சத்தியம் பண்ண மாட்டேம்லா."

பொறியாளர் தாட்சாயிணி அன்று மதியம் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினாள். "யாரு கையையும் வெட்டலீங்க" என்று தொடங்கியதும் அறை சிரித்தது. சுடலைமணியைப் பார்த்துச் சிரித்தது.

"ரெண்டு வருசமா உங்க கைச்சக்கரத்துக்குள்ள உணரி வச்சிருக்கோம். யாரு எப்பத் திருப்பினாங்க, எவ்வளவு திருப்பினாங்க, அதுக்கு முன்னாடி எந்தத் திரையைப் பாத்தாங்க, எல்லாம் சேந்திருக்கு. எல்லார் கையையும் ஒண்ணாச் சேத்து ஒரு நகல் பண்ணிப் பாத்தோம். பத்து வீட்டுக் குழம்பை ஒரே சட்டியில கொட்டுன மாதிரி ஆயிப்போச்சுங்க. அதனால ஒரே ஒருத்தர் கையை மட்டும் எடுத்து நகல் பண்ணியிருக்கோம்."

"யாரு கை?" என்றார் சுடலைமணி.

"சோதனை முடியற வரைக்கும் சொல்றதில்லீங்க. சொன்னா இங்க சண்டை வந்துரும். ஜெயிச்சா அந்தக் கைதான் கம்பெனியோட எல்லாத் தொட்டிக்கும் போகும். குஜராத்து, ஓமன், எங்கெல்லாம் தொட்டி இருக்கோ அங்கெல்லாம். அன்னைக்கு மேடை போட்டுப் பேரைச் சொல்லுவோம்."

"தோத்துப்போச்சுன்னா?"

"அழிச்சுட்டு, ரெண்டாவதா இருக்கறவங்க கையை எடுப்போம்."

அறையில் இருந்த அத்தனை தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. டெல்பின் பக்கம். அவள் தலையைக் குனிந்துகொண்டு வளையலைத் திருகினாள். அந்தக் குனிவு எமல்டாவுக்குப் பிடிக்கவில்லை. தெரிந்துகொண்டே தெரியாதவள்போல இருக்கிறாள் என்று நினைத்தாள்.

தாட்சாயிணி தொடர்ந்தாள். "நகல் செய்யற ஒவ்வொரு காரியத்துக்கும் ஒருத்தர் மார்க் போடணும். சரி, தப்பு, ரெண்டே பொத்தான். தப்புன்னு போட்டா அடுத்த தடவை மாத்திச் செஞ்சு பாக்கும். அப்படித்தான் மெருகேறும். அந்த வேலைக்கு சீனியர் மேடத்தை நெனச்சிருக்கோங்க."

பரீட்சை எழுதத் தகுதியில்லாதவளைப் பரீட்சைக் கூடத்தில் பேப்பர் கொடுக்க நிறுத்தினால் எப்படி இருக்கும்? எமல்டாவுக்கு அப்படி இருந்தது. "சரிங்க மேடம்" என்றாள்.

சோதனை தொடங்கிய காலையில், எமல்டாவும் டெல்பினும் மாறி மாறிப் பார்த்துவந்த நான்காம் தொட்டியை நகல் எடுத்துக்கொண்டது. கைச்சக்கரம் தானாகத் திரும்புவதைப் பார்க்க முதலில் கொஞ்சம் அருவருப்பாக இருந்தது. பிறகு கண்ணை எடுக்க முடியவில்லை. வெயில் ஏறுவதற்கு முன்பே அது விசிறிகளை மெல்ல எழுப்பியது. மூன்றில் ஒன்றைத் தாமதமாகச் சேர்த்தது. எங்கே வேகம் கூட்ட வேண்டுமோ அங்கே கூட்டாமல் ஒரு மூச்சு பொறுத்து, பிறகு கூட்டியது. திரையில் அடர்த்தி எண்கள் மேலிருந்து கீழ்வரை ஒன்றுபோல வந்து நின்றன. எமல்டா அத்தனை வருடத்தில் அவ்வளவு அழகான கலக்கலைக் கண்டதில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

நிறுத்தும்போது நகல் ஒரு காரியம் செய்தது. விசிறிகள் ஓய்ந்து, கரைசல் தன் வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும்போது, சக்கரத்தை இடப்பக்கம் சட்டென்று திருப்பி எதிர்ச்சுழல் ஒன்று கொடுத்துவிட்டு விட்டது.

சந்தேகமே இல்லை. டெல்பினேதான். பணி மாறும் நேரத்தில் பக்கத்தில் நின்று எமல்டா எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள்: சக்கரத்தை நிறுத்தியபின் அவள் கட்டைவிரல் அப்படித்தான் இடப்பக்கம் ஒரு வெட்டு வெட்டும். யாருக்கும் இல்லாத ஒரு ஒயில்.

நான் ஆறு மாதம் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவள். அவள் கை ஓமனுக்குப் போகப் போகிறது. என் கை அதற்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறது.

திரையில் கேள்வி வந்தது. இறுதிச் சுழற்சி: சரியா, தப்பா? எமல்டா தப்பு என்ற பொத்தானை அழுத்தினாள். காரணம் கேட்ட இடத்தில், "மின்சாரம் வீண்" என்று பதிந்தாள்.

அந்த வாரத்தில் டெல்பின் அலுவலக மாடிக்கு மூன்று முறை போய் வந்தாள். மேலாளர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேச்சு. நான்காம் நாள் அவளைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வெளி வேலைக்கு மாற்றியிருந்தார்கள். புது ஆரஞ்சு தலைக்கவசத்தோடு தொட்டிகளுக்கு நடுவில் வால்வுகளைச் சோதித்துக்கொண்டு நடந்தாள்.

"கை உள்ள போயிட்டா ஆளு எதுக்கு உள்ள?" என்றார் சுடலைமணி. "மகராணி மாதிரி நடக்காவ பாத்தியளா. ஒங்க மைனி கை ஊரு ஊராப் போவப் போவுது. நீங்க மார்க்கு போட்டுத் தேத்தி விடுங்க மேடம்."

"ஒம்ம வேலையப் பாருமே."

"என் வேலையே ஊர்க்கதைதான்."

எமல்டா எல்லாவற்றையும் தப்பு என்று போடவில்லை. அவள் முட்டாள் இல்லை. முக்கால்வாசிக்குச் சரி என்றாள். டெல்பினின் சாயல் எங்கே தெரிந்ததோ அங்கே மட்டும் தப்பு என்றாள். அந்தப் பொறுத்தல், தப்பு. மூன்றாவது விசிறியின் தாமதம், தப்பு. எதிர்ச்சுழல், ஒவ்வொரு முறையும் தப்பு.

நகல் கீழ்ப்படிந்தது. எதிர்ச்சுழலைக் குறைத்துப் பார்த்தது. தாமதித்துப் பார்த்தது. ஒருநாள் அதைச் செய்வதற்கு முன் திரையில் கேட்டது: "நிறுத்தும்போது சுழலை உடைக்கவா?" எமல்டா வேண்டாம் என்றாள். மறுநாளும் கேட்டது. வேண்டாம் என்றாள். அதன்பிறகு அது கேட்கவில்லை. விசிறிகள் நின்றன, கரைசல் தன் பாட்டில் சுழன்று சுழன்று ஓய்ந்தது.

தாட்சாயிணி ஒருமுறை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்த எதிர்ச்சுழல் தேவையே இல்லைங்களா அக்கா? எங்க கணக்குல அதுக்கு என்னமோ பயன் இருக்கற மாதிரி தெரியுது. என்னன்னுதான் பிடிபடல."

"அது பகட்டு மேடம். கையில ஒரு ஆட்டம். சில பேருக்கு இருக்கும்."

தாட்சாயிணி அவள் முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். எதையோ கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். "உங்களைவிட எங்களுக்குத் தெரியப் போறதில்லீங்க" என்று எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கீழ்வீட்டில்தான் சாப்பாடு. டெல்பின் விளமீன் குழம்பு வைத்திருந்தாள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தன் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"இவ இப்ப சரியாவே சாப்பிடுறதில்ல" என்றான் கஸ்மீர். "என்னன்னு கேட்டாலும் சொல்ல மாட்டேங்கா. நீயாவது கேளு."

பெருமையில் வயிறு நிறைந்தவளுக்குச் சோறு எதற்கு என்று எமல்டா நினைத்தாள்.

"நகல் எப்படி ஓடுது?" என்று டெல்பின் கேட்டாள். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஓடுது மைனி. ஓடத்தானே வச்சிருக்காவ."

"நல்லா ஓடுதா?"

"அப்படி ஒண்ணும் சொல்றதுக்கில்ல. மொதல்ல நல்லா இருந்துச்சு. இப்பத் தடுமாறுது."

டெல்பின் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று ஓடி மறைந்தது. அதை வலி என்று எமல்டா எடுத்துக்கொண்டாள். அன்று மீனை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அடுத்த சில நாட்களில் நான்காம் தொட்டியின் விசிறிச் சுமை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. எல்லைக்குள்தான் இருந்தது. கரைசல் வழக்கம்போல் இல்லை என்று எமல்டாவுக்குத் தெரிந்தது. வேறு யார் கையாக இருந்தாலும் மேலே சொல்லியிருப்பாள். தடுமாறட்டும், எல்லோரும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வெயில் உச்சியில் இருந்த ஒரு மதியம். நகல் நான்காம் தொட்டியின் விசிறிகளை எழுப்பியது. சுமை எண் துள்ளி ஏறியது. உள்ளே ஏதோ ஒன்று சரிந்து விழுந்த ஓசை தரை வழியாகக் கட்டுப்பாட்டு அறைக்கே வந்தது. எமல்டா அவசர நிறுத்தத்தை அழுத்துவதற்குள் இரண்டாவது விசிறியின் தண்டு வளைந்து, சுவரில் அது நுழையும் அடைப்பு விலகிவிட்டது. கேமராத் திரையில், தொட்டியின் அடியிலிருந்து நீலத் திரவம் விசிறியடித்தது. பாதி அமிலம் அது.

அடைப்புக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி உண்டு. அதை இழுத்தால் துளை மூடிக்கொள்ளும். யாராவது போய் இழுக்க வேண்டும். ஓர் ஆரஞ்சுத் தலைக்கவசம் அதை நோக்கி ஓடுவதை எமல்டா திரையில் பார்த்தாள்.

"மைனி, போவாதீய!" என்று கத்தினாள். கத்தியது அறையின் கண்ணாடிச் சுவருக்குள்ளேயே நின்றது.

டெல்பின் கைப்பிடியை இழுத்தாள். ஒருமுறை வழுக்கியது. மறுபடி இழுத்தாள். துளை மூடியது. வால்வு சோதிக்கப் போடும் சாதாரணக் கையுறைதான் அவள் கையில் இருந்தது. சுடலைமணி அவளைத் தரதரவென்று இழுத்துப்போய்த் தண்ணீருக்கு அடியில் நிறுத்தியபோது வலது கையுறை உருகிக் கையோடு ஒட்டியிருந்தது.

தொட்டியை வடித்தபிறகுதான் உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்தது. நட்டநடுவில் உப்பு குவிந்திருந்தது. அந்த நிலத்தில் முன்பு உப்பளத்துக்காரர்கள் குவித்து வைத்த அம்பாரம் போலவே, கூராக. அதன் ஒரு பக்கம் பாளமாகச் சரிந்து விசிறியில் விழுந்திருந்தது.

தாட்சாயிணி எமல்டாவைத் தனியாகக் கூப்பிட்டாள். மேசையில் இருந்த டீயைக் கலக்கிவிட்டு, வடிகட்டாமல் கிடந்த தூளைக் காட்டினாள்.

"பாருங்கக்கா. சும்மா கலக்கி நிறுத்துனா, சுத்தி சுத்தி எல்லாம் நடுவுல வந்து கூடுது. எதிர்ப்பக்கம் ஒரு சுத்து விட்டா" என்று கரண்டியைத் திருப்பினாள், "சுழல் உடைஞ்சுருது. கூடறதில்லை. அந்த எதிர்ச்சுழல் இதுக்குத்தாங்க. ரெண்டு வருசமா நாலாம் தொட்டியில குவியல் விழாம இருந்ததே அதனாலதான்."

எமல்டா டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"உங்களைக் குத்தம் சொல்லலீங்க. எங்களுக்கே பிடிபடலியே. நகலை இன்னைக்குக் காலையில அழிச்சாச்சு. அந்தக் கை செஞ்சது எல்லாம் பழக்கம்தான், அறிவு இல்லைன்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. ஏன் செய்யறோம்னு அந்தக் கைக்கே தெரியல. தெரிஞ்சிருந்தா விட்டுக்கொடுத்திருக்காதுன்னு சொல்றாங்க." தாட்சாயிணி அவள் கண்ணைப் பார்க்காமல் டீயைப் பார்த்துச் சொன்னாள்.

"அடுத்து?"

"ரெண்டாவதா இருக்கறவங்க கை. தொட்டியைச் சரிபண்ணுனதும் ஏத்தறோம். மார்க் நீங்கதான் போடணும்."

எமல்டா படியிறங்கினாள். நெஞ்சில் கல் இருந்தது. ஆனால் கல்லுக்கு அடியில், அவள் விரும்பாமலேயே, ஒன்று துளிர்த்தது. இரண்டாவது ஆள் யார்? கைகாரர் இருவர்தானே. டெல்பின் முதல் என்றால் இரண்டாவது யாராக இருக்க முடியும்? ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் அந்த நினைப்பை மூன்று முறை துரத்தினாள். மூன்று முறையும் அது திரும்ப வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

டெல்பின் கட்டிலில் சாய்ந்திருந்தாள். வலது கை முழங்கைவரை கட்டு. விரல்கள் பாதிதான் மடங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கஸ்மீர் மருந்து வாங்கப் போயிருந்தான். எமல்டா பிளாஸ்கில் கொண்டுவந்த நன்னாரி சர்பத்தைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஊறிய சப்ஜா விதையும் சர்க்கரையும் போட்டுக் கலக்கினாள்.

"கதவைச் சாத்திட்டு வாட்டி. ஒரு காரியம் சொல்லணும்."

சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நகலை அழிச்சிட்டாவளாமே? சுடலைமணி வந்து சொன்னாரு."

"ஆமா மைனி. ஒங்களுக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கும். ரெண்டு வருசக் கை…"

"எனக்கா?" டெல்பின் புரியாமல் பார்த்தாள். "அது ஒன் கையில்லையாட்டி?"

எமல்டா சிரித்தாள். கேலி செய்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். "என்ன மைனி சொல்லுதிய. நிறுத்தும்போது எதிர்ப்பக்கம் ஒரு சுத்து விடுமே, அது நீங்கதானே செய்விய. நான் பாத்திருக்கேன்லா."

"நான் ஒன்கிட்டப் படிச்சது, கிறுக்கி. ஆறு மாசம் பக்கத்துல உக்காந்து வேற எதைப் பாத்தேன்? ஒன் கையத்தான் பாத்தேன். ஒனக்கு அது தெரியவே தெரியாது, இல்ல? டீ கலக்குனாலும் அப்படித்தான். இப்பக்கூட அப்படித்தான் செஞ்ச. இந்தா பாரு."

எமல்டா டம்ளரைப் பார்த்தாள். சர்பத் அசையாமல் நின்றது. விதைகள் மேலிருந்து கீழ்வரை சீராகப் பரவியிருந்தன.

தன் குரலை முதன்முதலாக ஒலிப்பதிவில் கேட்பவர்கள் இது நானில்லை என்பார்கள். கூட இருப்பவர்களுக்கு மட்டும் சந்தேகம் வராது.

"மொத நாள் கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்தேன். பாத்ததும் தெரிஞ்சுபோச்சு" என்றாள் டெல்பின். "அதான் ஒன்னை மார்க்கு போட உக்கார வச்சிருக்காவன்னும் புரிஞ்சுது. ஒன் கை சரியா வருதான்னு ஒன்னைவிட யாருக்குத் தெரியும்? எனக்குப் பொறுக்கலட்டி. எல்லாரும் என் கைன்னு சொல்லும்போது இல்லைன்னு சொல்லவும் வாய் வரல. சோறு எறங்கல. அந்த ரூம்புல உக்கார முடியல. வெளிய மாத்துங்கன்னு ஆபீசுக்கு நடையா நடந்தேன்."

எமல்டாவின் கை கட்டிலின் இரும்பைப் பிடித்திருந்தது.

"இன்னும் கேளு. மாதா கோயில்ல மெழுகுதிரி ஏத்துனேன். எதுக்கு? அது கெட்டுப்போவணும்னு. எமல்டா கை தோத்துப்போவணும்னு. அன்னைக்கு மீன் சாப்பிடும்போது தடுமாறுதுன்னு சொன்னியே, எனக்கு எம்புட்டு சந்தோசம் தெரியுமா? கேட்டதைக் குடுத்துட்டா மாதா. கையிலேயே குடுத்துட்டா." அவள் கட்டுப்போட்ட கையைத் தூக்க முயன்று முடியாமல் விட்டாள். "நீ என்னைய வேலைக்குச் சேத்து விட்டவ. மன்னிச்சிருட்டி."

"மைனி." எமல்டா கட்டில் இரும்பை விட்டாள். மறுபடி தொடங்கினாள். "மைனி, அதைக் கெடுத்தது நான். நல்லாத்தான் செஞ்சுது. நான்தான் வேணும்னே தப்பு தப்புன்னு போட்டேன்."

டெல்பின் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சிரித்துவிட்டாள், சிரித்ததில் கை வலித்து முகம் சுளித்தாள்.

"என்னையத் தேத்துறதுக்கு ஒனக்கு வேற பொய்யே கெடைக்கலயா? தன் கையைத் தானே தப்புன்னு எவளாவது சொல்லுவாளா?"

ஒங்க கைன்னு நெனச்சேன். அவளுக்குப் புரியவைக்க அந்த மூன்று சொற்கள் போதும். எமல்டா வாயைத் திறந்தாள். மூன்றும் நாக்கில் வந்து நின்றன. வெளியே கஸ்மீருடையதுபோல ஒரு செருப்புச் சத்தம் கேட்டது, வேறு யாரோ, கடந்துபோனது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"அடுத்து யாரு கையாம்?" என்று டெல்பின் கேட்டாள்.

"ரெண்டாவதா இருக்கற ஆளோடதாம்."

டெல்பின் கணக்குப் போட்டாள். எமல்டா பஸ்ஸில் போட்ட அதே கணக்கு. விடை மட்டும் வேறு. அவள் முகம் மெல்ல மெல்லத் திறந்தது. கண்ணில் நீர் கட்டியது.

"அப்ப… என் கையாட்டி?" கட்டுப்போட்ட கையைக் குனிந்து பார்த்தாள். "இது இனி சக்கரத்தப் பிடிக்காதுன்னு படுத்துக் கெடந்து அழுதேன். போனாப் போவுது. அந்தக் கை இருக்குல்லா. ஓமன் வரைக்கும் போவுமோ?"

அழிந்துபோனது என் கை. வெந்துபோனது இவள் கை. இரண்டுக்கும் காரணம் நான். இதெல்லாம் எமல்டாவுக்கு அந்தக் கணத்தில் நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும், அந்த முகத்தின் சந்தோசத்தைப் பார்த்தபோது, அந்தப் பழைய எரிச்சல் ஒன்றும் நடக்காததுபோல எழுந்து உட்கார்ந்தது.

"போவும் மைனி" என்றாள்.

"மார்க்கு யாரு போடுதா?"

"நான்தான்."

"அப்ப எனக்கு ஒரு பயமும் இல்ல." டெல்பின் தலையணையில் சாய்ந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது. "அந்த சர்பத்தக் குடு. இன்னும் ஒரு கரண்டி சக்கரை போடு, வாயெல்லாம் கசக்கு."

எமல்டா சர்க்கரை போட்டாள். கலக்கினாள். நிறுத்தும் இடம் வந்தபோது தன் கட்டைவிரல் இடப்பக்கம் திரும்பத் துடிப்பதை வாழ்க்கையில் முதல்முறையாக உணர்ந்தாள். அதைப் பிடித்து நிறுத்திவிட்டு, கரண்டியை நேராக எடுத்தாள்.

டெல்பின் இடதுகையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். டம்ளருக்குள் விதைகள் சுழன்று சுழன்று நடுவில் வந்து கூடின.